முதல் கொரிய பார்பிக்யூ: எந்த அடுப்பின் முன்னால் உட்கார வைப்பது?

என் கணவர் தென் கொரியாவின் சுவோன் நகருக்கு வந்து சேர்ந்த ஒன்பதாம் நாள் எங்கள் ஆய்வகத்தில் ஹ்வேசிக். வேலை முடிந்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடப் போவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். புதிதாக வந்திருப்பவரையும் கூட்டி வரச் சொன்னார்கள். சந்தோஷமாக அழைத்துப் போனேன். பதினான்கு பேர், ஜனவரிக் குளிர், ஒரே கட்டணத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் இறைச்சி எடுத்துக்கொள்ளும் கடை. மேசை நடுவில் இருந்த தட்டு சூடானதும் நான்கு பக்கமிருந்தும் இடுக்கிகள் இறங்கின. பன்றி, மாடு, சாசேஜ் எல்லாம் ஒரே தட்டில். இவர் ஈரோட்டுக்காரர். கோழி, ஆடு, மீன் தவிர வேறு கறி தொட்டதில்லை. யாரிடம் என்ன சொல்லி மறுப்பது என்று தெரியாமல் லெட்டூஸ் இலை, வெள்ளைச் சோறு, ஆவியில் வெந்த முட்டை என்று இரண்டு மணி நேரத்தை ஓட்டினார். திரும்பும்போது பேருந்தில், “பரவால்ல விடு, முட்டை நல்லா இருந்துச்சு” என்றார்.

அந்தப் “பரவால்ல” என்னைப் பல நாள் உறுத்தியது. கொரியாவில் இந்த ஐந்து வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது இந்த மேசை அடுப்புதான். தனியாக வந்து, மொழி தெரியாமல், அறையில் பருப்புச்சாதம் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளை ஊரோடு சேர்த்து வைத்தது அது. அதை அவருக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்திருந்தேன். காட்டிய விதம் தப்பாகிவிட்டது.

அதற்குப் பிறகு, இருக்கிற வழிகளையெல்லாம் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். சிலவற்றை அவரோடும் சிலவற்றை நண்பர்களோடும் போய்ச் சாப்பிட்டும் பார்த்தேன். இங்கே படிக்கவும் வேலைக்கும் வந்திருக்கும் நம்மவர்கள் பலர் மனைவியையோ கணவரையோ அழைத்து வந்தபடி இருக்கிறார்கள்; எல்லோரும் கேட்கும் கேள்வியும் இதுதான். ஆகவே எழுதுகிறேன்.

நான் பிடித்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: கறி பழகியதாக இருக்கட்டும், சாப்பிடும் முறை மட்டும் புதிதாக இருக்கட்டும். வயிற்றுக்கு நேரே எரியும் கரி, கத்தரிக்கோலால் நறுக்கும் கறி, பச்சைப் பூண்டு, இலையில் மடித்து ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் கவளம், கேட்காமலே வந்து நிறையும் பன்சான் என்ற தொடுகறிக் கிண்ணங்கள். முதல் நாளுக்கு இவையே போதும். அதோடு வாழ்நாளில் தொடாத ஒரு கறியையும் சேர்த்து வைத்தால், முறையின் அழகு கண்ணிலேயே படாது.

வழக்கமாக எல்லோரும் முதலில் சொல்வது சம்கியொப்சால். ‘சம்’ என்றால் மூன்று, ‘கியொப்’ அடுக்கு, ‘சால்’ சதை. பன்றியின் வயிற்றுப் பகுதி. கறியும் கொழுப்பும் மாறி மாறி அடுக்காக இருக்கும். மசாலா எதுவும் தடவாத பச்சைத் துண்டு நேரே அடுப்பில் விழுகிறது. பன்றிக்கறி சாப்பிடுபவர் என்றால் முதல் தடவைக்கு இதற்கு மிஞ்சியது இல்லை என்பது என் முடிவு. முதல் காரணம், இது மன்னிக்கும் கறி. சர்க்கரையோ சோயாவோ தடவவில்லை என்பதால் சட்டென்று கருகாது. கொழுப்பு இருப்பதால் கொஞ்சம் அதிகம் வெந்தாலும் காய்ந்து போகாது. இடுக்கியை முதன்முதலாகப் பிடிக்கும் கை தடுமாறினாலும் சாப்பாடு கெடாது. இன்னொன்று, கொரிய மேசையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் இதில் வேலை உண்டு. தட்டைச் சற்றே சாய்வாக வைத்திருப்பார்கள். உருகும் கொழுப்பு வழியும் பக்கத்தில் கிம்ச்சியையும் (புளிக்கவைத்த காரமான முட்டைக்கோஸ்) முளைப்பயறையும் போட்டுவிட்டால், கறி வேகும் நேரத்தில் அதுவும் வதங்கிவிடும். அந்த வதங்கிய கிம்ச்சிக்காகவே போகிறவர்கள் உண்டு, நானும் அதில் சேர்த்தி.

விலை முன்பு போல இல்லை. தலைநகர் சோலின் உணவகங்களில் 200 கிராம் சம்கியொப்சாலின் சராசரி விலை 2024 மே மாதத்தில் முதல் முறையாக 20,000 வொன்னைத் தாண்டியது. பெரும்பாலான கடைகளில் முதல் ஆர்டர் குறைந்தது இரண்டு பங்கு சொல்ல வேண்டும்; இருவர் போகும்போது அது தொல்லையில்லை. கொழுப்பைப் பார்த்துத் தயங்குபவராக இருந்தால் ஒரு பங்கை மோக்சாலாக மாற்றிச் சொல்லுங்கள். கழுத்துப் பக்கத்துக் கறி, கொழுப்பு குறைவு. தயங்கி நிற்பவர்களை அதுதான் உள்ளே இழுத்து வரும்.

சுவோனில் குடியிருந்துகொண்டு கால்பியைப் பேசாமல் போக முடியாது. இந்த ஊரின் பெயரோடு ஒட்டிப்போனது மாட்டின் விலா எலும்புக் கறி. ஜொங்ஜோ மன்னர் 1794 முதல் 1796 வரை இங்கே ஹ்வாசொங் கோட்டையைக் கட்டினார். கோட்டையைச் சுற்றி விவசாயம் பெருக உழவு மாடுகள் கொடுத்தார். அதை ஒட்டி மாட்டுச் சந்தை வளர்ந்தது என்று சொல்வார்கள். 1940-களில் யொங்தோங் சந்தைப் பக்கம் ஒரு கடையிலிருந்து கிளம்பியதுதான் இன்றைய சுவோன் கால்பி. மற்ற ஊர்களில் சோயாவில் ஊறவைப்பதை இங்கே உப்பை முன்னிறுத்திப் பதப்படுத்துகிறார்கள். துண்டும் பெரிது, சில கடைகளில் எலும்போடு ஒரு பங்கே 450 கிராம் வரும்.

மாட்டுக்கறி சாப்பிடும் குடும்பத்திலிருந்து வருபவர் என்றால், ருசியில் இதுதான் உச்சம். கொரியப் பேரிக்காயை அரைத்துச் சேர்த்த ஊறலில் கிடந்த கறி பல்லுக்கு வேலை வைக்காது. ஆனாலும் முதல் தடவைக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. இனிப்பு சேர்ந்த ஊறலில் ஊறியது நெருப்பில் கண் இமைக்கும் நேரத்தில் கருகும். அதனால் நல்ல கடைகளில் பணியாளரே வந்து நின்று புரட்டி, நறுக்கி, கம்பிவலையை மாற்றிக்கொண்டிருப்பார். நமக்குக் கை வேலையே இல்லை. விருந்தாளி மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான். செலவும் சம்கியொப்சாலைவிட இரண்டு மடங்குக்கு மேல் போகும். அவ்வளவு பணம் கொடுத்த மேசையில் “எனக்குப் பிடிக்கல” என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. முதல் தடவை அந்தச் சொல் தடையில்லாமல் வர வேண்டும். கால்பியைத் திருமண நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

புல்கோகி? மெல்லிசாகச் சீவி, இனிப்பும் சோயாவும் சேர்த்து ஊறவைத்த மாட்டுக்கறி. சோல் பாணியில் நடுவில் மேடாகவும் விளிம்பில் குழியாகவும் இருக்கும் பாத்திரத்தில், குழியில் சாறு விட்டுச் சமைப்பார்கள். சோற்றோடு பிசைந்து சாப்பிட ஏற்றது, குழந்தைகளுக்கும் பிடிக்கும். ஆனால் கரியின் வாசனையை எதிர்பார்த்துப் போகிறவருக்கு அது குழம்பு மாதிரித்தான் தெரியும்.

இனி எங்கள் வீட்டு நிலைமைக்கு வருகிறேன். கோழியும் ஆடும் மட்டும் சாப்பிடுபவர். நம்மில் பாதிப் பேர் வீட்டில் இதுதான் கதை. கொரிய பார்பிக்யூ என்றாலே பன்றியும் மாடும்தான், நமக்கு அங்கே வேலை இல்லை என்று ஒதுங்கிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு.

ஒன்று தக்கால்பி. ‘தக்’ என்றால் கோழி. பெயரில் விலா எலும்பு இருக்கிறதே தவிர கறியில் இருக்காது. தொடைக்கறியை எலும்பெடுத்து விரித்துப் போடுவார்கள். இதன் ஊர் காங்வொன் மாநிலத்தின் சுன்சொன். 1960 வாக்கில் பன்றி விலாக்கறி கிடைக்காத நேரத்தில் அதே மாதிரி கோழியைப் பதப்படுத்திக் கரியில் சுட்டதுதான் தொடக்கம் என்பது அந்த ஊரார் சொல்லும் கதை. மலிவாகக் கிடைத்ததால் மாணவர்களும் பட்டாளத்துக்காரர்களும் மொய்த்தார்கள். ‘கல்லூரி மாணவர் கால்பி’ என்றே ஒரு பெயர் இருந்தது. பிற்காலத்தில் கரிக்குப் பதில் பெரிய வட்ட இரும்புத் தட்டு வந்தது. கோச்சுஜாங் மிளகாய் விழுதில் ஊறிய கோழி, முட்டைக்கோஸ், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, அரிசிக் கொழுக்கட்டை போன்ற தொக், எல்லாம் அந்தத் தட்டில் சேர்ந்து வதங்கும். பல கடைகளின் ஊறலில் கறிமசாலாப் பொடியும் கொஞ்சம் சேர்கிறது. அந்த வாசனை நம் மூக்குக்கு உடனே பிடிபடும். கடைசியில் தட்டில் ஒட்டியிருக்கும் மசாலாவோடு சோற்றைக் கொட்டிப் புரட்டி, அடிப்பிடிக்க விட்டுச் சுரண்டித் தருவார்கள். பாத்திரத்தின் அடியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்று வளர்ந்த யாருக்கும் அதை விளக்கவே வேண்டாம்.

ஒரு நாள் இருந்தால் சுன்சொனுக்கே போய்வரலாம். சோலின் யொங்சான் நிலையத்திலிருந்து ஐடிஎக்ஸ் ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். மியொங்தோங் பகுதியில் ஒரு தெருவே தக்கால்பிக் கடைகள்தான். ஆற்றோரம் பார்த்துக்கொண்டே போகும் அந்த ரயில் பயணமும் புதிதாக வந்தவருக்கு நல்லது.

இரும்புத் தட்டா, கரியா என்று கேட்டால், முதல் தடவைக்குக் கரி என்பேன். இரும்புத் தட்டில் பணியாளர்தான் கிண்டுவார், அது வதக்கல். கரியில் சுடும் ‘சுத்புல் தக்கால்பி’யில்தான் பார்பிக்யூவின் அனுபவம் முழுதாக வரும்: இடுக்கி, கத்தரிக்கோல், புகை, இலை, எல்லாம். உப்பு, சோயா, காரம் என்று மூன்று விதமாகத் தருவார்கள். உப்பை முதலில் சொல்லுங்கள், காரத்தைக் கடைசியில். காரத்தை முதலில் போட்டால் வலை கருகும், நாக்கும் மரத்துவிடும். ஒரே கவனம்: கோழி என்பதால் உள்ளே முழுக்க வேக வேண்டும். தடித்த இடத்தைக் கத்தரித்துப் பார்த்து, இளஞ்சிவப்பு போன பிறகே வாயில் வையுங்கள். விலையும் இறங்கி வரும். பெரும்பாலும் சம்கியொப்சாலைவிடக் குறைவு.

இன்னொரு வழி யாங்க்கோச்சி, ஆட்டுக்கறிக் குச்சி. சீனாவின் யான்பியன் பகுதியிலிருந்து வந்த கொரிய வம்சாவளி மக்கள் கொண்டுவந்தது. சோலில் தேரிம்தோங், கொன்குக் பல்கலைக்கழகப் பக்கம் போனால் வரிசையாகக் கடைகள். சுவோன் நிலையத்தைச் சுற்றியும் இருக்கின்றன. கரியின் மேல் பல்சக்கரம் போல ஓர் அமைப்பு, குச்சிகள் தாமே சுழலும். வெந்ததும் தொட்டுக்கொள்ள வைக்கும் பொடியில் சீரகமும் மிளகாயும். ஊரைவிட்டு வந்து ஒரு மாதம் ஆனவருக்கு அந்தச் சீரக வாசனை என்ன செய்யும் என்று நான் நேரில் பார்த்தேன். மூன்றாம் குச்சியிலேயே இவர் பேச்சை நிறுத்திவிட்டார். ருசியால் மட்டும் முடிவு செய்வதென்றால் எங்கள் வீட்டில் இதற்குத்தான் முதலிடம். ஆனால் இதில் இலை மடிப்பு இல்லை, கிண்ணம் கிண்ணமாகப் பன்சானும் வராது. கொரிய மேசையை அறிமுகம் செய்ய வேண்டும் என்றால் இது பக்கத்து வீட்டைக் காட்டுகிற மாதிரி. இரண்டாம் தடவைக்குக் கூட்டிப்போங்கள்.

அளவில்லாமல் தரும் கடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்கு பேர் நன்றாகச் சாப்பிடும் கூட்டத்துக்கு லாபம். பெரும்பாலும் நேரக்கட்டுப்பாடு உண்டு, தட்டில் மீதம் வைத்தால் கூடுதல் கட்டணம் போடும் கடைகளும் உண்டு. புதிதாகச் சாப்பிடப் பழகுகிறவருக்குக் கடிகாரமும் அபராதமும் தேவையே இல்லை. வீட்டில் கேஸ் அடுப்பும் தட்டும் வாங்கிச் செய்வது சிக்கனம்தான், ஆனால் சிறிய குடியிருப்பில் புகை மூன்று நாள் போகாது, கரியும் கிடையாது. சென்னையிலேயே பழக்கிவிட்டு அழைத்து வரலாமே என்று கேட்டார் ஒரு தோழி. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து அங்கே கொரியக் குடும்பங்களும் கொரிய உணவகங்களும் பெருகியிருக்கின்றன என்பது உண்மை. நேரம் இருந்தால் போய் வரட்டும், ஆனால் அதற்காகவே ஒரு பயணம் வேண்டாம்.

ஹலால் மட்டுமே சாப்பிடுபவர் என்றால் சோலின் இதேவொன் பகுதிக்குப் போங்கள். 1976-இல் திறந்த பெரிய பள்ளிவாசலைச் சுற்றி ஹலால் கடைகள் இருக்கின்றன. சைவம் என்றால் பார்பிக்யூக் கடைக்குக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போகாதீர்கள். காளான் சுட்டுத் தருவார்கள்தான், ஆனால் கிம்ச்சியிலேயே பெரும்பாலும் இறால் ஊறுகாய் சேர்ந்திருக்கும். பக்கத்து அடுப்புப் புகை வேறு. புத்தக் கோயில்களின் சைவ உணவு பரிமாறும் இடங்கள் இங்கே உண்டு, அங்கே மனநிறைவோடு சாப்பிடலாம்.

எந்தக் கறி என்பதற்குச் சமமாக, யாரோடு, எப்போது என்பதும் முக்கியம். என் முதல் தவறில் பாதி அதுதான். கூட்டமாகப் போனால் வயதில் இளையவர்கள் சுடுவார்கள், பெரியவர்கள் ஊற்றிக் கொடுப்பார்கள், சோஜு மதுக் கோப்பையை இரண்டு கையாலும் வாங்க வேண்டும், பெரியவர் முன் முகத்தைத் திருப்பிக் குடிக்க வேண்டும். புதிதாக வந்தவருக்கு இத்தனையும் பரீட்சை. இரண்டு பேர் மட்டும் போங்கள். வார நாளில் மாலை ஐந்தரைக்குப் போய்விட்டால் கடை காலியாக இருக்கும், பணியாளர்களும் நின்று பேசுவார்கள். கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். போட்டிருந்தால் உட்காரும் ஸ்டூலின் மூடியைத் திறந்து உள்ளே வைக்க முடிகிறதா என்று பாருங்கள். பல கடைகளில் அப்படித்தான் இருக்கும்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நாங்கள் கரித் தக்கால்பிக்குப் போனோம். எங்கள் குடியிருப்புக்குப் பின்தெரு, எட்டு மேசை உள்ள கடை. கரி வந்ததும் நான் இடுக்கியைத் தொடவில்லை, அவர் கையில் கொடுத்தேன். முதல் துண்டுகள் ஓரம் கருகின. கருகியதைக் கத்தரித்து ஒதுக்கிவிட்டு அடுத்ததைப் போட்டார். கத்தரிக்கோலைப் பார்த்து, “இதுல துணிதான வெட்டுவாங்க?” என்று கேட்டவர், பத்து நிமிடத்தில் கறியை ஒரே அளவாக வெட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு இலை. உள்ளங்கையில் லெட்டூஸை விரித்து, அதன் மேல் ஒரு கெனிப் இலை. துளசி, கற்பூரவல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது கெனிப். முதல் தடவை முகர்ந்தால் கொஞ்சம் மிரட்டும், அதனால் பாதி இலை போதும் என்றேன். அதன் மேல் உப்பும் வறுத்த எள்ளின் எண்ணெயும் கலந்ததில் தோய்த்த கறி, விரல்நுனி அளவு ஸ்ஸாம்ஜாங் என்ற காரமான சோயா விழுது, ஒரு சீவல் பூண்டு. எப்படி மடிப்பது என்று காட்டப் போனேன். அதற்குள் அவர் அடியை மடித்து, இரண்டு ஓரத்தையும் உள்ளே தள்ளி, நுனியைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டார். அவருடைய ஆத்தாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துப் பழகிய கை. கடித்து இரண்டாக்காமல் முழுசாக வாயில் போட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மென்று முடித்ததும் அடுத்ததை மடித்தார், என் பக்கம் நீட்டினார். இங்கே காதலர்களும் தம்பதிகளும் ஸ்ஸாம் என்ற இந்த இலைக் கவளத்தை மடித்து ஊட்டிவிடுவது வழக்கம் என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

இலை தீர்ந்தது. பரிமாறும் அம்மாவை இங்கே ‘இமோ’ என்று கூப்பிடுவார்கள். அம்மாவின் உடன்பிறந்தவளைக் குறிக்கும் சொல். “அப்போ நம்ம சித்தி, பெரியம்மாதான?” என்றார். ஆமாம் என்றேன். இலையும் பன்சானும் காசில்லாமல் மறுபடி தருவார்கள் என்றும் சொன்னேன். அவர் திரும்பி, கொஞ்சம் சத்தமாகவே, “இமோ!” என்று கூப்பிட்டுக் காலிக் கூடையைத் தூக்கிக் காட்டினார். அந்த அம்மா இலையோடு ஒரு கிண்ணம் ஆவி முட்டையும் கொண்டுவந்து வைத்தார், நாங்கள் கேட்காமலே.

அடுத்த மாதம் தேஜொன் நகரில் இருக்கும் என் தோழியின் கணவர் வருகிறார். பன்றிக்கறி சாப்பிடுபவர், காரம் ஆகாதவர். அவளுக்கு நான் எழுதி அனுப்பியது: சம்கியொப்சால் ஒரு பங்கு, மோக்சால் ஒரு பங்கு, கரி அடுப்புள்ள சின்னக் கடை, செவ்வாய் அல்லது புதன் மாலை, ஆய்வகத்து ஆட்கள் யாரும் வேண்டாம், இரண்டாம் சுற்றிலிருந்து இடுக்கியை அவர் கையில் கொடுத்துவிடு.